ஏழாம் எண் தொட்டி

தரமணியில், லிஃப்ட் நிற்காத மூன்றாம் மாடியில்
முட்டை அட்டை ஒட்டிய பெட்டிக்குள்
ஒரு தக்காளிச் செடி.
இரண்டு பக்கமும் இரண்டு மைக்,
தண்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளி.

என் வேலை எளிது.
இருபது தொட்டிகளில் பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்,
பத்துக்கு ஊற்றக் கூடாது.
ஊற்றாததற்குத்தான் உனக்குச் சம்பளம் என்பாள்
கேன்டீன் ஃபெலிசிட்டா.

தாகத்தில் செடி சத்தம் போடுகிறது என்று
கடல் தாண்டி யாரோ கண்டுபிடித்துச் சில வருடம் ஆகிறது.
நம் காதுக்கு எட்டாத உயரத்தில்.
எலிக்கும் வௌவாலுக்கும் எட்டலாம்.
நம் வெயிலில், நம் நாற்றிலும் அப்படித்தானா
என்று பார்ப்பதற்கு நாங்கள்.

கணினி அதைத் தாழ்த்தித் தருகிறது.
ஹெட்போனில்
டப்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
டப். டப்.
மூடிய சட்டியில் கடைசிச் சோளம் பொரிவதுபோல.

அழுகிறது என்று எழுதிவிடாதே என்றார் சுகிர்தா மேடம்,
கூப்பிடுகிறது என்றும் எழுதாதே.
தண்டுக்குள் நூலினும் மெல்லிய குழாய்கள்.
கீழே மண் வற்ற, மேலே இலை இழுக்க,
நீர்க்கம்பி எங்கோ அறுந்து
ஒரு காற்றுக்குமிழி வெடிக்கிறது.
அப்படி நினைக்கிறோம்.
அதுகூட இன்னும் உறுதியில்லை.

எனக்கு உறுதியாகத் தெரியும் போலிருந்தது.
பெருங்குடியில் எங்கள் சந்து அடிபம்பும்
மே மாதம் அப்படித்தான்.
முதலில் காற்று,
கடக், கடக் என்று இருமல்,
துருவாடை,
பிறகு சில நாள் தண்ணீர்.
சில நாள் இருமலோடு சரி.

முதல் நாள் மணிக்கு ஒன்று, அல்லது அதுவுமில்லை.
மூன்றாம் நாள் பதினொன்று.
ஐந்தாம் நாள் ஏழாம் எண் தொட்டியில்
மணிக்கு நாற்பத்திரண்டு.
இலை அப்போதும் பச்சைதான்.
போட்டோவில் பார்த்தால்
செழிப்பாக இருக்கிறதே என்பீர்கள்.

எங்கள் சந்திலும் அன்று
லாரி வராத ஐந்தாம் நாள்.
புஷ்பகாந்தி அக்கா குடங்களைச் சாலைக்குக் குறுக்கே அடுக்கி
ஷேர் ஆட்டோ அத்தனையும் நிறுத்தி
"ஆபீசர் வரட்டும், அப்பத்தான் எடுப்பேன்" என்றாள்.
தண்ணீர் அலுவலகத்து போன்
மதியம்வரை ஓயாமல் அடித்ததாம்.

ஏழாம் நாள் வரைபடம் சரிந்தது.
ஒன்பதாம் நாள், ஏழாம் எண்,
மணிக்கு இரண்டு.
திரையில் மட்டும் பார்க்கிறவருக்கு
தண்ணீர் குடித்த செடியும் இதுவும்
கிட்டத்தட்ட ஒரே கோடு.

சந்தில் அன்றைக்கு யாரும் கத்தவில்லை.
அக்கா மதுராந்தகத்துக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.
மாடிக்காரர் கேன் வாங்கத் தொடங்கியிருந்தார்.
இரண்டு வீடு பூட்டு.
குடங்கள் மட்டும் வரிசையில்,
கழுத்தில் பெயின்ட்டால் எழுதிய பெயர்களோடு.
வார்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி:
'தங்கள் பகுதியில் புகார்கள் வெகுவாகக் குறைந்துள்ளன.'
கீழே யாரோ ஒரு கைகூப்பல் படம் போட்டிருந்தார்.

அந்த இரவு பெட்டிக்குள் கைவிட்டு
ஏழாம் எண்ணின் மண்ணைத் தொட்டேன்.
பிஸ்கட்போல உடைந்தது.
என் பையில் அரை பாட்டில் தண்ணீர் இருந்தது.
ஊற்றவில்லை.
ஊற்றினேன் என்று முடிந்திருந்தால்
உங்களுக்கும் எனக்கும் நன்றாக இருந்திருக்கும்.
நேரம் எழுதினேன். ஒலி: இரண்டு, என்று எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில் பென்சிலால்,
மேடம் அடித்துவிடுவார் என்று தெரிந்தே,
'குறைவு என்றால் குணம் என்று பொருளல்ல.'

அவர் அடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்,
சிவப்பு மையில், சின்னதாக.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை நாலரைக்கு லாரி வந்தது.
ஹோஸ் முதலில் காற்றைத் துப்பியது.
தூக்கக் கலக்கத்தில், குடத்தைப் பிடித்தபடி,
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.