பத்து மூச்சு

முகிலன் என்று பேர் வைத்தவள் நான்.
கவுஞ்சியில் மதியம் மூன்று மணிக்கே
மேகம் வீட்டுக்குள் நுழைந்து
கவிழ்த்துவைத்த பாத்திரங்கள்மேல் உட்காரும்.
அழகாயிருக்கிறதே என்று வைத்தேன்.
நெஞ்சுக்குள்ளும் போய் உட்காருமென்று தெரியாது.

மூன்று வயதில் முதல் தடவை.
பூனை கத்துகிறதென்று
நடுராத்திரி கதவைத் திறந்து பார்த்தார் இவர்.
வாசலில் பனி மட்டும்.
பூனை பாயில் கிடந்தது,
விலா எலும்புகளுக்கு நடுவே
குழி விழ விழ
இழுத்துக்கொண்டு.

லோடு வண்டியில் கேரட் மூட்டைகளுக்கு இடையே
நிமிர்த்தி உட்காரவைத்து
கொடைக்கானல் போய்ச் சேர்ந்தபோது
நாவற்பழம் தின்றவன்போல் உதடு.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டே எழுதினார்.
வீட்டில் பீடி?
இல்லை.
நாய்?
வெளியேதான் கிடக்கும்.
விறகடுப்பா?
கேஸ் வந்து ரெண்டு வருஷம்.
அப்புறம் ஏன் சட்டையெல்லாம் புகை வாசம்?

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
பரணில் பூண்டு இருக்கிறது.
தாளோடு கட்டித் தலைகீழாய்த் தொங்கவிட்டு
கீழே மூட்டம் போடுகிறோம்.
புகை ஏறாத பூண்டு
அடுத்த விதைப்புவரை நிற்காது.

சொன்னோம்.
எழுதுவதை நிறுத்திவிட்டு
கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டார்.
அதனால்தான் அவரை நம்பினேன்.

நீலம் இழுக்கும்போது.
பழுப்பு தினம் ரெண்டு வேளை,
இழுக்காத நாளிலும், ஓடி ஆடுகிற நாளிலும்.
நல்லாயிருக்கும்போது எதுக்கு மருந்து,
பழகிட்டா விடாதே என்றாள் எதிர்வீட்டு நாச்சம்மாள்.
சோறுகூடத்தான் பழகிவிட்டது என்றேன்.
அப்புறம் ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் அவள் வரவில்லை.

குலுக்கு.
மூடியைக் கழற்று.
முகமூடி மூக்கையும் வாயையும் சேர்த்து மூடட்டும்.
ஒரு அழுத்து, பத்து மூச்சு.
ஒவ்வொரு மூச்சுக்கும் ஸ்பேசருக்குள்
பல்லி போல டிக் என்கிறது ஒரு சின்னக் கதவு.
முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்,
துப்புவதுதான் அவனுக்குப் பிடித்த பகுதி.

நாய்க்கும் போட்டுவிட்டிருக்கிறான் ஒருநாள்.
அதன் மூஞ்சியில் முகமூடியை அமுக்கி
ஒண்ணு ரெண்டு மூணு நாலு
அஞ்சு ஆறு எட்டு.
ஏழு எங்கேடா?
ஏழு கிடையாது என்றான்.
வெந்நீரில் கழுவிக் காயவைத்தேன், முகமூடியை.

இவர் ஒன்றும் சொல்லவில்லை.
தோட்டத்திலிருந்து வந்து பார்க்கிறேன், பரண் காலி.
ஓடையோரம் நாலு பழைய தகரம், ஒரு தார்ப்பாய்,
அதற்குள்ளே மூட்டம்.
பள்ளத்துக் காற்று மேலே ஏறும் ராத்திரிகளில்
புகை மோப்பம் பிடித்து வீட்டுக்கே திரும்பி வரும்.
எழுந்து போய்த் தீயை அவித்துவிட்டு வருவார்.
அவித்த ராத்திரிகளில் ஈரம் ஏறியது.
விதைப்புக்குப் பிரித்தபோது
மூன்றில் ஒரு பங்கு, பல்லெல்லாம் பொக்கு.
கையில் நசுக்கிப் பார்த்துவிட்டு
வேட்டியில் துடைத்துக்கொண்டார்.
எவ்வளவு நஷ்டமென்று நான் கேட்கவில்லை,
கேட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.

போன மாதம் மறுபடி வந்தது பூனை.
இந்த முறை அதன் குரல் எனக்குத் தெரியும்.
நிமிர்த்தி மடியில் வைத்து
நீலத்தைக் குலுக்கினேன்.
இவர் டார்ச்சை விலாவில் அடித்தபடி நின்றார்,
குழியின் ஆழம் பார்த்துக்கொண்டு.
ஒரு அழுத்து, பத்து மூச்சு.
மறுபடி.
மறுபடி.
அடுத்த தெருவில் லோடு வண்டிக்காரனை எழுப்பச் சொல்லலாமா
என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன்.

ஐந்தாவது அழுத்தில்
நான் ஏழு என்றதும்
முகமூடிக்குள் தலையை ஆட்டினான்.
ஆட்டிக்கொண்டே இருந்தான், கண்ணை உருட்டி, கோபமாக.
சண்டை போடுகிற அளவுக்கு
மூச்சு வந்திருக்கிறது.

சரிடா,
எட்டு.