அக்ரூட் இல்லாத வெள்ளி

மல்காஸுக்கு நோன்பு:
பால், முட்டை, இறைச்சி கூடாது.
அதற்கென்றே குத்தைசியில்
கத்தரிக்காய், பீன்ஸ், கீரை என்று
எதைத் தொட்டாலும் அக்ரூட் விழுது.

தெக்லேவுக்கு ஒரு துணுக்கு போதும்,
தொண்டை அடைத்துக்கொள்ளும்.

உரலைக் கழுவினேன்.
மறுபடி கழுவினேன்.
நம்பிக்கை வரவில்லை;
கீழ்வீட்டு நானுலிக்கே கொடுத்துவிட்டேன்.

புது உரலில்
சூரியகாந்தி விதை, பூண்டு,
கொத்தமல்லி, துளி வினிகர்.
சிமெண்ட் நிறத்தில் வந்தது.

மல்காஸ் மென்றான்.
ஜன்னலைப் பார்த்தான்.
"என்ன இது?"
"கத்தரிக்காய்."
"பாவம் அது" என்றவன்
இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினான்.

அந்தத் தட்டிலிருந்து
தெக்லே ஒரு விரல் வழித்து
நக்கினாள்.
ஆறு வயதில் முதல் திருட்டு.

ஊசிமருந்து அலமாரியில் இருந்தது.
நான் எழுந்திருக்கவில்லை.
ரொட்டியைப் பிய்த்து
என் பங்கைத் தொட்டுக்கொண்டேன்.
உப்பு கொஞ்சம் கம்மி.