அளவுக்கு நின்றவள்

எனக்கும் அவனுக்கும் ஒன்பது நாள்தான் வித்தியாசம்.
அதனால்தான் அந்த ஜூனில், சேலம் பஸ் அவனை ஏற்றிக்கொண்டு
கொண்டை ஊசிகளில் இறங்கிப் போனபின்
ஹோல்ம் அம்மா என்னைக் கூப்பிட்டாள்:
"இதோ, கெத்சியாள், நேராக நில்."

இதோ இல்லாமல் அவளுக்கு வாக்கியம் தொடங்காது.
வேதாகமத்தை வைத்துத் தமிழ் படித்தவள்.
இதோ, கஞ்சி ஆறுகிறது.
இதோ, உன் தலையில் பேன் சஞ்சரிக்கிறது.
விளக்கணைத்த பிறகு போர்வைக்குள்
இதோ இதோ என்று சிரித்து
மேட்ரனிடம் அடி வாங்கியிருக்கிறோம்.

சாம்பல் நிறக் கம்பளி நூல். கப்பலில் வந்தது.
தோளிலிருந்து மணிக்கட்டு, அக்குளிலிருந்து இடுப்பு.
ஊசியின் குளிர் என் பாவாடைச் சட்டைக்குள் இறங்கும்.
என் முதுகில் அவள் அவன் முதுகைத் தேடிக்கொண்டிருந்தாள்.
எனக்குத் தெரியும். அசையாமல் நின்றேன்.
நின்றால் ஒரு பிஸ்கோத்து.

காலையில் அதே கை கரும்பலகையில் எழுதும்:
பன்னிரண்டு அங்குலம் ஓரடி, மூன்றடி ஒரு கஜம்.
பெஞ்சை அளந்தோம், சிலேட்டை அளந்தோம்,
சில்வர் ஓக் மரத்தைக் கயிறு சுற்றி அளந்தோம்.
ஏற்காட்டு மூடுபனியை அளக்க முடியுமா என்று
செல்லப்பன் கேட்டான். அவள் வெகுநேரம் யோசித்தாள்.
நாற்பது பேருக்கு அவள் ஒருத்தி.
கொடைக்கானலில் அவனுக்கு
வேறு யாரோ ஒருத்தி, நாற்பது பேரோடு சேர்த்து.

என்னை போர்டிங்கில் விட வந்தபோது,
காப்பிப் பழச் சாயம் போகாத கையைக் கும்பிட்டு
அப்பா அவளிடம் சொன்னது ஒரு பழமொழி:
ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்
தன் பிள்ளை தானே வளரும்.
அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை.
நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

டிசம்பரில் யென்ஸ் வந்தான்.
அம்மாவுக்குக் கை கொடுத்தான், விருந்தாளி மாதிரி.
ஸ்வெட்டரைத் தலைவழியே இழுத்தாள்.
கை மணிக்கட்டுக்கு மேல் நின்றுவிட்டது,
இழுத்தாள், வரவில்லை.
தன் பிள்ளை தானே வளர்ந்திருந்தது.

அப்புறம் அவள் திரும்பி,
விறகோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"கெத்சியாள், நீ என்ன சாப்பிடுகிறாய்?"
அந்த வாக்கியத்தில் இதோ இல்லை.
நல்லா சாப்பிடறோம் அம்மா என்றேன்.
மேட்ரன் சொல்லிக்கொடுத்த பதில்.
இருவரையும் முதுகோடு முதுகு நிறுத்திக்
கதவுச் சட்டத்தில் பென்சில் கோடு இழுத்தாள். நான்கு அங்குலம்.
அவள் அடிக்கோலைத் தேடிப் போன நேரத்தில்
"உங்க டீச்சர் எப்படி?" என்று கிசுகிசுத்தான்,
தன் அம்மாவைப் பற்றி.
பரவாயில்லை என்றேன். வேறென்ன சொல்ல.

அன்று ராத்திரி ஸ்டோர் ரூமில் விளக்கு எரிந்தது.
கணக்கு நோட்டுகளோடு மேட்ரன் அழுதாள்.
ஜனவரியிலிருந்து வியாழக்கிழமை தோறும் ஒரு முட்டை.
பட்ஜெட்டில் இடமில்லை என்று
கோபன்ஹேகனிலிருந்து கடிதம் வந்ததாம்.
ஜீப் டயருக்கு வைத்திருந்த பணம் அது
என்று டிரைவர் மாசிலாமணி முணுமுணுத்தார்.
ஐயர் அந்தக் கோடை முழுக்க
நாகலூருக்கு நடந்தே போய்ப் பிரசங்கித்தார்.
செருப்புக் கடித்த காலோடு
அன்பைப் பற்றிப் பேசும்போது
முகம் கொஞ்சம் கோணும்.

முட்டை எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
மஞ்சளைச் செல்லப்பனுக்குக் கொடுத்தேன்.

ஸ்வெட்டர் எனக்கு வந்தது. மூன்று குளிர்காலம்.
காலரின் உள்ளே, சலவையில் தொலையாமலிருக்க,
சிவப்பு நூலில் அவன் பெயர்.
பிரித்துவிடு என்று மேட்ரன் கத்தரி தந்தாள்.
பிரிக்கவில்லை.
பனியில் எங்காவது நான் தொலைந்துபோனால்
பெயரைப் பார்த்து அவன் வீட்டில் சேர்ப்பார்கள்
என்று நினைத்தேனோ என்னவோ.
அது எந்த ஊரில் இருக்கிறது என்று
அப்போது அவனுக்கே தெரியாது.