ஒரு கிலோமீட்டர்

ஏரிப் பூங்காவில் பதினேழு காகங்கள்.
பதினெட்டாவது
நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது,
கீகர் மரத்திலிருந்து,
யாரோ கறுப்புக் குடையைத் தவறவிட்டதுபோல்.

படிவத்தில் மூன்றாவது பத்தி: உரிமையாளர் பெயர்.
லோகேந்தர் பேனாவை உதறிக் கேட்டான்,
காகத்துக்கு யார் உரிமையாளர்?
அமாவாசைக்கு அமாவாசை சோறு வைத்து
எத்தனை பெயர் சொல்லி அழைத்திருப்போம் என்று
அவனிடம் எப்படிச் சொல்ல.
இல்லை என்று எழுது, என்றேன்.

தொண்டையில் ஒரு பஞ்சுக்குச்சி, பின்புறம் ஒன்று.
ரோஜா நிறத் திரவத்தில் முனையை ஒடித்துப் போட்டு
மூன்று உறை, ஐஸ் பெட்டி,
இரவு ரயிலில் போபால்.

அங்கே,
மரத்திலிருந்து விழுந்த காகத்தை
இன்னொரு மரத்தில் ஏற்றுவார்கள்.
திரையில் கிளை கிளையாகப் பிரியும் மரம்.
அடுத்த கிளையில் மங்கோலிய ஏரி வாத்து,
அதற்கு மேல் ஹொக்கைடோ நாரை,
தண்டுக்குக் கிட்டே, எண் மட்டுமே பெயராக
ஏதோ ஓர் ஊரின் கோழி.
பாரிஸிலோ ரோமிலோ யாரோ அதைப் பார்த்தபடி
காப்பியை ஆறவிடுகிறார்கள்.

நாலாம் நாள், பாலத்தடி இறைச்சிக் கடையின் கூண்டும்
பட்டியலில் சேர்ந்தது.
டாக்டர் தோமர் வரைபடத்தில் காம்பஸை ஊன்றினார்.
ஒரு கிலோமீட்டர்.
பென்சில் முனை சற்று மழுங்கல்;
அந்தக் கோட்டின் தடிமனுக்குள்
ஒரு முழுச் சந்து இருந்தது.
அதுதான் எங்களுக்கு விழுந்தது.

வெள்ளை உடுப்பு, கண்ணாடி, இரட்டைக் கையுறை.
கூலிக்கு வந்த பையன்கள் கழுத்தைத் திருகும் ஓசை
வெண்டைக்காய் ஒடிப்பதுபோல்.
அதன்பின் நான் வெண்டைக்காய் வாங்கவில்லை.
முட்டைக்கோழிக்கு ஒரு விலை, குஞ்சுக்கு ஒரு விலை,
உடைத்த முட்டைக்கும் சில்லறை.
ரசீது. கட்டைவிரல். சுண்ணாம்பு.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் எண் வீடு.
கதவைப் பாதி திறந்தவளின் அட்டையில் அஞ்சலை.
"முர்கி நஹி ஹை, சாப்."
அந்த ரகரத்தில் விழுப்புரம் இருந்தது.
நேரம் பார்த்து, கட்டிலடித் தகரப் பெட்டி
'கொக்' என்றது.

அவள் முகம் அசையவில்லை.
என் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே
பெட்டியிடம் சொன்னாள், தமிழில்:
"செத்த சும்மா கெட, தாயி."

சற்று நேரம் என்பதற்கு எங்கள் பக்கம் அந்தச் சொல்தான்.
அதற்கு இன்னொரு பொருளும் உண்டு.

அவளுக்கு நான் தமிழனில்லை, மனிதன்கூட இல்லை,
இரண்டு கால் முளைத்த வெள்ளைப் பை.
என்ன சொல்கிறாள்? லோகேந்தர் கேட்டான்.
பெட்டி முழுக்கத் துணியாம், என்றேன்.
பறவைகள்: பூஜ்யம். கையெழுத்து.

இருபத்தோரு நாள் கண்காணிப்பு.
என் பொய்க்கும் அதே கெடு.
அந்தப் பெட்டிக்குள் காய்ச்சல் இருந்தால்?
வாசலில் மூக்கொழுக நின்ற பிள்ளை
அதன் இறகில் முகம் புதைத்தால்?
கருணை என்று நான் நினைத்தது
மூன்று உறைகளில் எதிலும் போடாத
ஒரு மாதிரி.

கண்காணிப்பு என்ற சொல்லில் கண் இருக்கிறது,
காதுக்கு இடமில்லை.
இருந்தும் தினமும் வேலை முடிந்து
சந்து முனையில் பைக்கை அணைத்துவிட்டு
குனிகிறேன், செயினைச் சரிசெய்பவன்போல.

ஆறாம் நாள் கேட்டது.
ஏழாம் நாளும்.
எட்டாம் நாள் கல்யாண பேண்டு, ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்பதாம் நாள் பிள்ளை இருமியது.
மிளகாய் தாளித்த நெடியாக இருக்கலாம்.
எனக்கும் கண் எரிந்ததா
என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இன்று பதின்மூன்று.
மூடுபனிக்குள் பாதி சந்து இல்லை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டிமேல்
மிஞ்சிய காகம் ஒன்று விடாமல் கரைகிறது.

செத்த சும்மா இரேன்,
என்கிறேன் அதனிடம்.
கேட்க விடு.