மலை தெரியும் அறை

மலை தெரியும் அறைக்கு வாடகை ஒன்றரை மடங்கு.
பணம் கட்டியவர்கள் திரைச்சீலையை விலக்கினால்
சன்னலுக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை.
மூன்று பேர் சண்டையே போட்டார்களாம்.
அதனால்தான் லமாரா என்னைக் குதாயிசியிலிருந்து வரவழைத்தாள்:
"உஷ்பாவை ஒரு படம் எடு.
கட்டிலுக்கு எதிரே மாட்டிவிடுகிறேன்.
மூடிக்கிடக்கும் நாளில்
அதைப் பார்த்துக்கொள்ளட்டும்."

முதல் நாள் மழை.
இரண்டாம் நாள் மழையும் இல்லை, மலையும் இல்லை.
பள்ளத்தாக்கிலிருந்து மேகம்
மந்தைபோல் ஏறிவந்து
வேலியில் உரசி, கல்கோபுரத்தைச் சுற்றி நின்றது
நகர மனமில்லாமல்.
முக்காலியின் காலில் ஒரு நத்தை.
ஒரு ஃபிர் மரம் வந்தது, போனது.
பிறகு ஒரு மரம் வந்தது;
அதுதானா இது, தெரியவில்லை.

லமாராவின் கொழுந்தன் ஜோகியா
என்னைவிட அதிகமாய் வானத்தைப் பார்த்தான்.
அறுத்த புல் சரிவில் கிடக்கிறது.
இன்னொரு நாள் நனைந்தால் கறுத்துவிடும்.
அவனுக்கு வேண்டியது முழு வெயில்.
எனக்கோ பாதி:
மேகம் கிழியவேண்டும், போய்விடக் கூடாது.
ஒரு தோள் தெரியவேண்டும்,
மறுதோளில் துண்டாய்க் கிடக்கவேண்டும்.
சொன்னேன்.
"பாதி காய்ந்த புல்லை எந்த மாடு தின்னும்?" என்றான்.

நான்காம் நாள்
மூன்று மணிநேரம் குளிரில் நின்றுவிட்டு
அடுப்படியில் ரொட்டிக்காக உட்கார்ந்தபோது
நாயின் குரைப்பு இரண்டாகக் கேட்டது.
எதிரொலி.
அப்படியென்றால் எதிர்ச்சரிவு இருக்கிறது.

ஓடினேன். நின்றது அது,
இரண்டு கொம்பும், நடுவே பனிச்சேணமும்.
நிறத்தைச் சொல்லமாட்டேன், சாட்சி இல்லை.
கேமராவைத் தூக்கினால் வெள்ளை.
குளிர்ந்திருந்த கண்ணாடி
அடுப்படி ஆவியில் வியர்த்துவிட்டிருந்தது.
நான்கு நாள் ஒரு மலையை மூடிய வஸ்து
இப்போது என் உள்ளங்கை அகலத்தில்.
சட்டைநுனியால் துடைத்தேன், பரவியது.
துடைத்தேன்.
பின்னால் ஜோகியா கத்துகிறான்,
மலைக்காக அல்ல.
மாவுக்கையோடு கவைக்கோலைப் பிடுங்கிக்கொண்டு
லமாரா சரிவில் இறங்கி ஓடுகிறாள்.

கண்ணாடி தெளிந்தபோது மேலே கதவு சாத்தியாயிற்று.
கிடைத்தது இவ்வளவுதான்:
இரண்டு பேர்,
அவர்களுக்கு நடுவே அந்தரத்தில் ஒரு கத்தைப் புல்,
அவள் முழங்கையில் மாவு,
பின்னால் ஒன்றுமில்லை.

வெகுநேரம் பார்த்தாள்.
"மலை எங்கே?"
"உன் முதுகுக்குப் பின்னால்."
"என் முதுகைக் காட்டியா வாடகை வாங்குவேன்?"
பாதிப் பணம் தந்தாள்.
மீதிக்கு ஒரு வட்டப் பாலாடைக்கட்டி,
ஈரத்துணியில் சுற்றி.
லென்ஸ் பையில் அந்தப் புளிப்பு இன்னும் போகவில்லை.

அக்டோபர் கடைசியில் தொலைபேசினாள்.
"தெளிந்திருக்கிறது. முழுசாய். காலையிலிருந்து.
அறை காலி.
யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது."
பிறகு இருவரும் பேசவில்லை.
அவள் வைக்கவும் இல்லை.
அந்தப் பக்கம், மிக அருகில்,
ஏதோ ஒன்று நிதானமாக
மென்றுகொண்டிருந்தது.