நூற்றுப் பதினேழாம் டோக்கன்

கேள்வி கேட்டுவிட்டுப்
பத்து எண்ணுங்கள்,
பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள் என்றார்கள்
சனிக்கிழமைப் பயிற்சியில்.
எல்லோருக்கும் நாலு மார்க் போடுவது
சோம்பேறித்தனம் என்றும்.

தண்டையார்பேட்டை கவுண்டரில்
வரிசை ஆட்டோ ஸ்டாண்டு வரை.
பத்து எண்ண யாருக்கு நேரம்?

ஹார்பரில் லோடு இறக்குபவர்,
சர்க்கரை மாத்திரை.
"காலைல சாப்ட்டப்புறம்" என்றேன்.
பயிற்சிக்கு வந்த முபீனா
என்னைத் தாண்டிக் கேட்டாள்:
"நைட் ஷிப்டாண்ணே?
உங்களுக்குக் காலை எப்போ?"

"சாயங்காலம் நாலு மணி, தாயி."

பதினொரு வருஷமாகக்
கவரில் சூரியன் வரைந்து கொடுக்கிறேன்.

படிவத்தில் இருக்கிறது:
தொடர்புத் திறன், ஒன்று முதல் ஐந்து.
மருந்தாளுநர் கருத்து, இரண்டு வரி.
பேனாவை வைத்துவிட்டு எண்ணுகிறேன்.
ஆறு. ஏழு.

கண்ணாடியைத் தட்டுகிறது
நூற்றுப் பதினெட்டு.