கீழே இரண்டங்குலம்

குட்லேண்ட்ஸ் கூப்பூசாமி இரும்புக்கடைக்கு
ஆண்டுதோறும் ஒரு நாள்காட்டி.
இம்முறை வடக்குத் தீவுகள் என்றார் முதலாளி.
"பன்னிரண்டு படம். கடல் நீலமாய் இருக்கட்டும்.
சமையலறையில் மாட்டுவார்கள்,
அழுவதுபோல் எதுவும் வேண்டாம்."

கிராண்ட் கோப் துறையில் லிண்ட்சேயின் படகு.
டீசல் என் செலவு, பேச்சு அவன் செலவு.
வட்டத் தீவு வட்டமில்லை,
பாம்புத் தீவில் பாம்பில்லை,
பாம்பெல்லாம் வட்டத் தீவில் என்றான்.
பெயர் வைத்தவன்
வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடித்திருப்பான்.
இறங்க அனுமதி கிடையாது.
அலை தூக்கும்போது ஒன்று,
தாழும்போது ஒன்று எடுத்தேன்.
இரண்டிலும் உலகம் சாய்ந்திருந்தது.

காவடிகள் தெருவைக் கடந்த வாரம்
மூன்றாம் புயல் எச்சரிக்கை.
நேற்றுவரை தீவுகள் நின்ற இடத்தில்
ஒரு சாம்பல் சுவர்.
அதையும் எடுத்துக் கொடுத்தேன்.
"இது வெறும் மழை" என்று
பெப்ரவரிக்குத் தள்ளினார்,
அதில்தான் நாள் குறைவாம்.

இங்கே மார்கழி வியர்க்கும்.
வாசல் கோலத்தின் மேல் லிச்சித் தோல் கிடக்கும்.
டிசம்பருக்கு எல்லோரும் எடுக்கும் படமே போதும்:
துரதிர்ஷ்ட முனை, செங்கூரைத் தேவாலயம்,
பின்னால் குவான் தெ மீர்,
கடல் திறந்துகொள்ளாமல் இருக்க
அடியில் செருகிய ஆப்பு.
இரும்புக்கடைக்காரருக்கு அது உடனே பிடித்தது.

ஆடி மட்டும் மாறவேயில்லை.
அம்மி பறக்கும் அதே காற்று,
குளிரை மட்டும் கூடுதலாய்ச் சுமந்து.
பூத்து முடிந்த கரும்பை வெட்டத் தொடங்கியிருந்தார்கள்;
எரித்த சோகையின் கரி லென்ஸ்வரை வந்தது.
துடைத்துக்கொண்டிருந்தபோது
முதுகுப் பக்கம் ஒரு திமிங்கிலம் எழுந்தது.
திரும்பி எடுத்ததில் மூச்சு மட்டும் இருக்கிறது.
ஆகஸ்ட் பக்கத்தில் பாருங்கள்,
பஞ்சு போல.

தட்டைத் தீவு ஓரளவு தட்டைதான்.
செப்டம்பரில் போனோம்.
கரையில் சுற்றுலாக்காரர்கள், வறுத்த மீன், பாட்டு.
சவுக்கும் தாழையும் தாண்டி
கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில்
புல்லுக்குள் கற்கள்.
கப்பலில் காலரா என்று
ஊருக்குள் விடாமல்
இங்கே இறக்கிவைத்தார்கள்.
லிண்ட்சே அப்போது பேசவில்லை.
கால்சட்டையில் ஒட்டிய முட்களை
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

இங்கிருந்து பார்த்தால் மோரீசு தெரிகிறது.
மலை, ஆலைப்புகை, மாலையானால் விளக்குகள்.
அவர்களுக்கும் தெரிந்திருக்கும்,
எந்த வீட்டில் இன்னும் அடுப்பெரிகிறது என்பதுவரை.

பெயர் பொறித்த கல் ஒன்று,
யாரோ ஓர் அதிகாரியின் குழந்தைக்கு.
மற்றவை கல் மட்டும்.
ஆறுமுகம் ஆர்மூகோமாய்த் திரிவதற்கும்
குமாஸ்தாவின் மேசைவரை
நடந்து போகவேண்டும்.
இவர்கள் போகவில்லை.

மண்டியிட்டு எடுத்தேன்.
கற்கள் முன்னால், விளக்கம் பின்னால்,
நெடுக்குப் படம்.

போர்ட் லூயி அச்சகத்தில்
முதலாளியின் குரல் தொலைபேசியில் கேட்டது:
"விளக்கு அழகு.
கீழே இரண்டங்குலம் வெட்டிவிடு."
அச்சகப் பையன் என்னைப் பார்த்தான்.
மீதிப் பணம் இன்னும் வரவில்லை.
திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நவம்பர்.
லிண்ட்சே வீட்டில் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில்
தொங்குகிறது, காலில்லாத விளக்கு.
நீலம் நன்றாக வந்திருக்கிறது.
வெட்டிய இடத்தில் தொடங்குகின்றன
முப்பது கட்டங்கள், வரிசை வரிசையாய்.
இரண்டாம் தேதி சிவப்பு:
ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நாள், அரசு விடுமுறை.
ஒன்பதில் காஸ் என்றும்
பதினேழில் பல் டாக்டர் என்றும்
அவன் மனைவி நொயெமி எழுதியிருக்கிறாள்.
மற்றவை கட்டம் மட்டும்.